ஊற்றுத் தண்ணீர் விட்ட பேட்டரிகள்

என்னைக் குட்டி என்று கூப்பிட இனி யாருமில்லாமல் ஆக்கிவிட்டுப் போன அக்காவுக்கு,

முதலில் கண்ணில் பட்டது ஒரு துண்டுப் பாசிதான். பேட்டரியின் மூடியைத் திருகி எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நகம் அளவு, பழுப்பேறிப்போய் மிதந்தது. நீ கடையில் வாங்கிக்கொண்டு போன பேட்டரித் தண்ணீரில் பாசி இருந்ததில்லை.

போன வியாழக்கிழமை மலைக்குப் போயிருந்தேன் அக்கா, உன் சோலார் ஊருக்கு. மின்வாரியக் கம்பி போகாத அந்தக் காட்டுக்குள் பதினோரு வீடுகளுக்கு நீயும் உன் ஆபீஸும் போட்டுக் கொடுத்த கரண்ட், இப்போது இல்லை. மழையோடு வந்த எலிக்காய்ச்சலில் நீ போன பிறகு அதைப் பார்த்துக்கொள்ள உன் ஆபீஸில் வேறு ஆள் போடவில்லை. விளக்கெல்லாம் அணைந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் ஒரு இன்ஜினீயர் சாரை அனுப்பினார்கள். நீ எழுதிவைத்த பராமரிப்பு நோட்டைக் கேட்டு அவர் கீழே நகரத்தில், ஸ்ரீவராகத்திலுள்ள நம் வீட்டுக்கு வந்தார்.

"நீயும் அவகூடப் போய்ப் பழகினவதானே, போயிட்டு வா. எத்தனை நாள் இப்படி மூலையில உக்காந்திருப்ப?" என்றாள் அம்மா.

உனக்குத் தெரியும், வகுப்பில் எழுந்து பதில் சொல்லப் பயந்தே பத்தாவதோடு நின்றவள் நான். உன் பின்னால் நின்றால் யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள் என்றுதான் உன்னோடு வந்தேன். பழவங்காடிக் கடைத்தெருவில் பேட்டரிக்கு விடும் டிஸ்டில்டு வாட்டர் கேன்களை ஏற்றும்போது அந்த ஆட்டோ அண்ணன், "எந்தா, மலையில கல்யாணமா? இத்தன தண்ணி!" என்பார். "ஆமா அண்ணா, மாப்பிள்ளை பேட்டரி. குடிச்சே தீப்பான்" என்பாய். இப்படிப் பேச எனக்கு எப்போது வரும்?

பேட்டரி அறையின் சாவியை அந்த ஊர் சாரதா சேச்சியிடம்தானே கொடுத்திருந்தாய். அன்று அவள்தான் எங்களுக்குத் திறந்துவிட்டாள்.

"ஆரு இதுல தண்ணி விட்டது?" என்று சார் கேட்டார்.

"நான்தான் சார். தண்ணி வத்த விடக்கூடாதுன்னு சோலார் மோளு சொல்லியிருக்கா. குளிச்சிட்டுத்தான் எடுத்தேன். சாமிக்கு வைக்கிற ஊத்துத் தண்ணி. அதுக்கு மேல சுத்தம் உண்டோ?" என்றாள் சேச்சி. மோளு என்றால் மகள்; அவளுக்கு அது நீதான்.

"சாமிக்குச் சரி சேச்சி. இதுல உப்பு இருக்கு, பேட்டரிக்கு விஷம்."

சார் தன் அறிக்கையில், பயன்படுத்துவோரின் தவறு என்று எழுதினார். அப்படி எழுதினால் புது பேட்டரி தரமாட்டார்கள் என்று அவரே என்னிடம் மெதுவாகச் சொன்னார். "என்ன செய்ய? நடந்தது அதானே."

"தண்ணி வத்தினப்போ ஒரு மாசம் போன்ல விளிச்சோம் சார்" என்றாள் சேச்சி. "பாறை மேல ஏறி நின்னாத்தான் போன் கிட்டும். தினமும் ஏறி நின்னு விளிச்சேன். பெல் அடிக்கும், ஆரும் எடுக்கல. மோளுக்குக் கல்யாணம் கழிஞ்சு வேற ஊருக்குப் போயிட்டாளோன்னு நெனச்சிருந்தோம்."

"நம்பர் தப்பாப் போட்டிருப்பீங்க" என்றார் சார்.

நம்பர் தப்பில்லை அக்கா. உன் போனை நான் தினமும் சார்ஜ் செய்து வைத்திருந்தேன். அதுவும் அணைந்துவிடக் கூடாது என்று. அது அடிக்கும்போதெல்லாம் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவேன். எடுத்தால் நீ இல்லை என்று என் வாயால் சொல்ல வேண்டும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எல்லாருக்கும் சொன்னது அம்மாதான். நான் பேசாத ஒரு வாக்கியத்தால் பதினோரு வீடு இருட்டாகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எடுத்திருப்பேனா?

சார் பேனாவை மூடப் போனார்.

"சார், அப்படி எழுதாதீங்க" என்றேன். குரல் வெளியே வந்ததா என்றே தெரியவில்லை. இரண்டு பேரும் திரும்பினார்கள். "அவங்க கூப்பிட்டது நிஜம். அக்கா போன் என்கிட்டதான் இருந்தது. நான்தான் எடுக்கல. சேச்சி... அக்கா செத்துப்போயிட்டா."

சேச்சி காலிக் கேன் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கோபப்படுவாள் என்று நின்றேன். "வேதனப்பட்டாளா மோளே?" என்று மட்டும் கேட்டாள். நீ பட்ட வேதனையை நான் எப்படிச் சொல்வேன்?

சார் எழுதியதை அடித்துவிட்டு, பராமரிக்க ஆள் இல்லாததால் பழுது என்று எழுதினார். "புது பேட்டரி கிடைக்கும்னு உறுதி சொல்ல முடியாது. கேட்டுப் பார்க்கிறேன்" என்றார்.

கிடைத்தால், தண்ணீர் கேன்களோடு மாதாமாதம் நான் மலை ஏறுவேன் அக்கா. கிடைக்காவிட்டாலும், ஏன் கிடைக்கவில்லை என்று சொல்ல ஏறுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

அன்று சார் ஜீப்பில் ஏறச் சொன்னபோது கொஞ்சம் காத்திருக்கச் சொன்னேன். சேச்சி கூட வந்தாள். பதினோரு வாசலிலும் நின்று, நீ இல்லை என்பதையும், போனை எடுக்காதது நான் என்பதையும் சொன்னேன்.

உன் தங்கை
மீனா