இரண்டு அறைகள், ஒரே விசர்

1996 மார்ச் 5, செவ்வாய் இரவு

சோடி ஒளித்துகள்களைத் தூரத் தூரமாய்ப் பிரித்து அளந்தாலும் அவற்றின் விடைகள் பொருந்துமாம். முன்பே பேசிவைத்திருந்தால்கூட அவ்வளவு பொருத்தம் வராதென்று பரிசோதனைகள் காட்டிவிட்டன என்றார் பௌதிக ஆசிரியர். வகுப்பு மணிக்கூட்டை நானும் என் கூட்டாளி கஜனும் முன்னே தள்ளிவைத்திருந்ததால் பாடம் அத்தோடு கலைந்தது.

அதிபர் எங்களைத் தனித்தனி அறையில் விசாரித்தார். கஜனுக்கு ஏற்கெனவே கடைசி எச்சரிக்கை கொடுத்தாயிற்று; இந்த முறையும் பிடிபட்டால் அவனுக்குப் பள்ளியே இல்லை. நான் மட்டும்தான் செய்தேன் என்றேன். அடுத்த அறையில் அவனும் தான் மட்டும்தான் செய்ததாகச் சொல்லியிருக்கிறான். நாங்கள் எதையும் பேசிவைக்கவில்லை. குழம்பிப்போன அதிபர் பள்ளி முடிந்தபிறகு ஒரு மணிநேரம் இருத்திவைக்கும் டிடென்ஷனோடு இருவரையும் விட்டுவிட்டார்.

"உனக்கென்ன விசரோடா?" என்றான் கஜன், வீடு திரும்பும் பஸ்ஸில்.

"ஓம், உனக்கும் அதே விசர்தான், அதே பைத்தியம்தான்."

பனி கொட்டுகிறது. எதிர்க் கட்டடத்தில் கஜனின் அறை விளக்கு இன்னும் எரிகிறது. என்னுடையதை இப்போது அணைக்கப்போகிறேன். அட, அவனுடையதும் இப்போதே அணைகிறது.