கரும்பச்சை இலைகள்

அன்புள்ள வாலுக்கு,

நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு ஒன்றுமில்லை. அப்பாவும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை, பயமாக இருக்கிறது. சின்ன வீடு, போனில் பேசினால் அவர் காதில் விழும், அதனால்தான் இதை எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

ஹீட்டரில் வெள்ளையாகப் படிகிறது என்று பிளம்பர் வந்து குழாயில் தண்ணீரின் கடினத்தைக் குறைக்கும் எந்திரம் ஒன்றை மாட்டினாரே, மூட்டை மூட்டையாக உப்பு தின்கிறதே, அது வந்த பிறகு அப்பாவின் தக்காளிச் செடிகள் கரும்பச்சையாகிவிட்டன. அவருக்குத் தலைகால் புரியவில்லை, "பாருங்க, எப்படித் தெம்பா நிக்குது" என்று மாடிவீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆனால் ஒரு பூக்கூட வரவில்லை, புது இலையெல்லாம் பொடிசு, ஓரம் கருகல். நீ ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிதில் சொன்னது அப்போதுதான் உறைத்தது. வேரில் உப்பு ஏறினால் செடிக்குள் வேலை செய்யும் நொதிகள் மந்தமாகும், இருக்கிற சக்தியெல்லாம் உப்பை வெளியே தள்ளவே செலவாகிவிடும், வளர மிச்சமிருக்காது, இலை மட்டும் கரும்பச்சையாக நின்று ஏமாற்றும் என்றாய். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டினேன்.

பிளம்பரைக் கேட்டால், "அந்தத் தண்ணியில உப்பு இருக்கும்மா, வாய்க்குத் தெரியாது, குடிக்கத் தனிக் குழாய் வைக்கணும்னு ஐயாகிட்ட அப்பவே சொன்னேனே" என்கிறார். ஐயாதான் சுவரை உடைக்க வேண்டாம் என்று விட்டாராம். அப்பாவின் இதயத்துக்கு ஆகாதென்று உப்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுச் சமைக்கிறேன், சமைப்பதும் குடிப்பதும் அந்தத் தண்ணீரில். அவர் முகம் பூசினாற்போல ஆனதும் உடம்பு தேறிவிட்டது என்று உனக்குப் படம் அனுப்பினேனே, நீயும் சந்தோஷப்பட்டாயே. இப்போது படியேறினால் மூச்சு வாங்குகிறது, செருப்பு நுழையவில்லை. டாக்டரிடம் போகலாம் என்றால் "செருப்புதான் சுருங்கிடுச்சு" என்று சிரிக்கிறார். தண்ணீரை மாற்றிவிட்டேன், ஆளை மாற்ற என்னால் ஆகவில்லை.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். படித்ததும் அப்பாவைக் கூப்பிடு. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காதே, நல்லாயிருக்கேன் என்பார். கணுக்காலை விரலால் அழுத்தச் சொல், குழி எப்போது நிரம்புகிறது என்று அவர் வாயாலேயே சொல்ல வை. மத்தியானம் அவர் அசந்திருந்தபோது நான் அழுத்திப் பார்த்தேன். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன், குழி அப்படியே இருந்தது.

உன்னையே நம்பியிருக்கும்,
அம்மா