ஒரு சாண் கூடுதல்

மார்ச் 3, செவ்வாய்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இன்று ஒரு சின்னப் பெண் டேப்போடு என் இடுப்பருகே வந்ததும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன். "மூச்சு விடுங்க மேடம், நான் வெயிட் பண்றேன்" என்றாள். ஐம்பத்திரண்டு வயதில் இது தேவையா?

எல்லாம் பன்னுவால். அக்கா மகள், வயது பத்தொன்பது. ஐந்து வயதில் கன்னமும் தொப்பையுமாக பன் மாதிரி உருண்டு வருவாள், நான்தான் அந்தப் பெயரை வைத்தேன். இப்போது தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஐந்து வாரமாக ஆஸ்பத்திரியில். இனியும் சாப்பிடாவிட்டால் மூக்கில் குழாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தன் உடம்பை அவள் எவ்வளவு பெரிதாகப் பார்க்கிறாள் என்று அந்த டேப் பெண் (மனநல ஆலோசகராம்) அளந்து, அதை வைத்துப் பேசப்போகிறாளாம். "வீட்டுலேர்ந்து யாராவது அளவு குடுத்தாத்தான் நானும் குடுப்பேன்" என்று பன்னு அடம். அக்கா அழுதாள். அப்புறம் நான் எங்கே தப்பிப்பது?

மார்ச் 4, புதன்

இருபது வருஷமாகக் கண்ணாடிக் கடையில் நிற்கிறேன். ஆள் படியேறி வருவதைப் பார்த்தே பவர் சொல்வேன். கண்ணில் கோளாறே இல்லாமல் தப்பாகத் தெரியுமாம்! படித்தவர்களுக்கும் பொழுது போகவேண்டாமா?

மார்ச் 6, வெள்ளி

இந்தச் சோதனைக்குப் பெரிய மெஷின் இருக்குமென்று தலைக்குச் சாயமெல்லாம் பூசிக்கொண்டு போனேன். கயிறு! துணி காயப்போடுகிற கயிறு. "என் இடுப்பு இவ்வளவு" என்று தரையில் வட்டம் போடணும். நிஜ அளவோடு ஒப்பிடுவார்கள்.

முதலில் நான். ஒயிலாக ஒரு வட்டம் போட்டேன். நிஜ அளவை டேப் பெண் பக்கத்தில் வைத்தாள். என் வட்டத்துக்குள் என் ஒரு தொடைதான் நுழையும். பன்னு வாய்விட்டுச் சிரித்தாள். வார்டுக்கு வந்து இதுதான் முதல் சிரிப்பு என்றார் நர்ஸ். என் இடுப்பாலும் ஒரு உபகாரம்.

அடுத்து அவள். போட்டாள், தள்ளித் தள்ளிப் பெரிதாக்கினாள். நிஜத்தைவிட ஒரு சாண் கூடுதல்.

"இதுக்குள்ள உன்னை மாதிரி ரெண்டு பேரு உட்காரலாம்டி" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. இந்த வாயை என்ன செய்வது?

"சித்தி இடுப்பைப் போடுங்க" என்றாள் டேப் பெண். பன்னு யோசிக்கவேயில்லை. ஒரு விரல்கூடப் பிசகாமல் போட்டாள், துரோகி.

"பாத்தீங்களா? மத்தவங்களை உங்களுக்குச் சரியாத்தான் தெரியுது."

பிறகு பன்னுவின் இடுப்பை என்னையும் போடச் சொன்னாள். போட்டேன். அது இருக்கட்டும்.

மார்ச் 7, சனி

கடைக்குப் போகவில்லை. தலைவலி. (யாரிடம் பொய்? டைரியிடமா?)

மார்ச் 10, செவ்வாய்

அக்கா போன். "என்னடி பண்ணின அன்னிக்கு? அந்தப் பொண்ணுகிட்ட இப்ப மணிக்கணக்கா பேசுறா. நேத்து தட்டைக் காலி பண்ணிட்டா. அழுதுகிட்டேதான்… ஆனா சாப்பிட்டாடி! இப்படியே போனா ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு விடுறாங்களாம். நீ என்ன சொன்ன?"

"நானா? வாயே திறக்கலக்கா."

பொய்யில்லை. கடைசிக் கயிற்றுக்குப் பிறகு திறக்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

வந்துவிட்டாள். வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போகணும், இன்னும் நாளாகும். கார்க் கதவைத் திறந்து "ப—" என்று ஆரம்பித்து, விழுங்கி, பள்ளிக்கூடத்தில் போட்ட பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"யாரைக் கூப்பிடுற சித்தி?"

"உன்னைத்தான்டி."

"முதல்ல உன் கண்ணாடியை மாத்து" என்று சொல்லி, தோளில் லேசாக இடித்துவிட்டு உள்ளே போனாள்.

என் கண்ணைப் பற்றி நான் பீற்றிக்கொண்டது மேலே அப்படியே இருக்கிறது, அடிக்கப்போவதில்லை. ஒன்றுதான் எழுதாமல் விட்டேன். அன்று பன்னுவுக்காக நான் போட்ட கயிற்றை எடுத்து, அவள் தனக்குப் போட்ட கயிற்றின்மேல் வைத்துப் பார்த்தாள் டேப் பெண்.

இரண்டும் ஒரே அளவு.