என் மென்பொருள் தந்த முதல் அவுட்

சனிக்கிழமை இரவு, வெள்ளவத்தை

எங்கள் கடற்கரைக் கிரிக்கெட்டில் அடிக்கிற அணிக்காரர்தான் அம்பயர். அதனால் இதுவரை ஒருவர்கூட எல்பிடபிள்யூ ஆனதில்லை. இந்த அநியாயத்தை ஒழிக்கத்தான், பந்தைப் பார்த்து அவுட் சொல்லும் மென்பொருளைக் கம்பஸ் புரொஜெக்ட்டாக எழுதினேன். இன்று பின்னேரம் போனைக் கல்லின் மேல் நிறுத்தி முதல்முறையாக ஓடவிட்டோம்.

முதல் அவுட் நான்தான். இரண்டாவது பந்திலேயே காலில் பட்டுவிட்டது.

"இது செல்லாது. இப்பதானே பக்கத்துத் தண்டவாளத்தில ரெயின் போனது, கமரா ஆடியிருக்கும்," என்றேன்.

பந்து போட்ட நிரோஷன் விடவில்லை. "ரெயின் போய்க் கனநேரம் மச்சான். நீ எழுதினதுதானே சொல்லுது. நட."

நடந்தேன். வீட்டுக்கு வந்ததும், பிழையைப் பிடித்தே தீருவதென்று உட்கார்ந்தேன். அம்மா வைத்த புட்டு ஆறிப்போனது. வரிவரியாகப் பார்த்தேன். வீடியோவை மெதுவாக ஓட்டினேன். கமரா அசையவேயில்லை. பந்து நடு ஸ்டம்புக்கு நேராகப் போகிறது, குறுக்கே என் கால்.

மென்பொருள் அருமையாக வேலை செய்கிறது. சந்தோஷத்தில் நித்திரை வரவில்லை.

நிரோஷனுக்கு மட்டும், இன்னும் பிழை தேடிக்கொண்டிருப்பதாக மெசேஜ் போட்டிருக்கிறேன்.