பிரிக்காத சடை

உன் மகளின் கல்யாண ஆல்பம் நேற்று கூரியரில் வந்தது. புரட்டிக்கொண்டே வந்தவள் ஒரு படத்தில் நின்றுவிட்டேன். மணமேடையில் உன் மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். முகம் தெரியவில்லை. மல்லிகையும் கனகாம்பரமும் சுற்றிய சடை இடுப்பைத் தாண்டித் தரையில் கிடக்கிறது. படத்தில் இருப்பவள் உன் மகள். சடை உன்னுடையது. ஆல்பத்தை மூடிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.

சேலத்துக் கல்லூரி விடுதியில் நமக்கு ஒரே அறை. இரண்டு பேரும் வேதியியல்தான் படித்தோம். நான் ஷாம்பும் கண்டிஷனரும் தயாரிக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். நீ நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாய். உன் முடி அப்போதே முழங்காலைத் தொடும். தினமும் முட்டை தேய்ப்பதால்தான் இவ்வளவு முடி என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்று ஒருமுறை சொல்லிச் சிரித்தாய். எனக்குத்தான் இப்படி யாராவது சொன்னால் பொறுக்காதே. முட்டைப் புரதம் பெரிய மூலக்கூறு, முடிக்குள் நுழையவே நுழையாது, நாறத்தான் செய்யும் என்று பாடம் எடுத்தேன். எங்கள் பிழைப்பில் மண்ணைப் போடாதே என்றாய். முடியே உயிரில்லாத பொருள், வேரில் மட்டும்தான் உயிர் என்று நான் மேலும் அளக்க, நீ சடையை முன்னால் இழுத்துப் போட்டுப் பார்த்தாய்.

"அப்ப இத்தன வருசமா ஒரு பொணத்தத்தான் தலையில சொமந்துட்டுத் திரியறனா புள்ள?"

அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது அந்தப் பேச்சு என்னைச் சும்மா விடுவதில்லை.

மார்பில் கட்டி என்று தெரிந்து, மருந்து ஏற்றத் தொடங்கினால் முடி கொட்டிவிடும் என்று டாக்டர் சொன்ன வாரம், அயோத்தியாப்பட்டணம் தாண்டி இருக்கும் எங்கள் லேபுக்கு வந்து இறங்கினாய். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ரெட்டைச் சடை. காலையில் நீயே பின்னிக்கொண்டு வந்திருந்தாய். கத்திரிக்கோலை எடு என்றாய். நான் அசையவில்லை.

"குப்பையில போறதுக்கு முன்னால நானே குடுத்தர்றேன். ஒண்ண உன்ற சோதனைக்கு எடுத்துக்க. இன்னொண்ண என்ன பண்றதுன்னு அப்பறமாப் பாத்துக்கலாம். பொட்டியில வெச்சு அழுதுட்டிருந்தீன்னா வந்து குட்டுவேன்."

எங்கள் வேலை உனக்குத் தெரியும். புதிதாகச் செய்யும் எதையும் ஆள் தலையில் தேய்ப்பதற்கு முன்னால் வெட்டிய முடிக்கற்றையில் பார்ப்போம். கற்றையை ஒரு கிளிப்பில் தொங்கவிட்டுக் கழுவிச் சீவுவோம். சீப்பு எவ்வளவு இழுக்கிறது என்று கிளிப்புக்கு மேலே இருக்கும் கருவி அளந்து காட்டும். உன் ஒரு சடையைப் பிரித்து அப்படிக் கற்றைகளாக்கினேன். சிலவற்றுக்குச் சாயம் ஏற்றினேன், சிலவற்றை வெளுக்க வைத்துப் பாழாக்கினேன். நல்ல முடியைவிடப் பாழான முடியில்தான் கண்டிஷனர் அதிகம் தங்கும். அடிபட்ட இடத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். இதைப் பல வருஷமாக எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவள், உன் முடியில்தான் அதை நின்று பார்த்தேன்.

மருந்து ஏறிய பிறகு உனக்கு எந்த வாசனையும் ஆகவில்லை. சோப்பைக் கண்டாலே குமட்டியது. வாசனை சேர்க்காமல், தோல் எரியாத மாதிரி மிதமாக ஒரு ஷாம்பு செய்தேன். உன் முடியில் சோதித்துப் பார்த்ததை, முடியில்லாத உன் தலையில் தேய்த்துவிட்டேன். சில்லென்று இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டாய். நான் உன் தலையைக் கடைசியாகத் தொட்டது அன்றைக்குத்தான்.

எங்கள் வீட்டில் கல்லறைத் திருநாளன்று அப்பா அம்மா கல்லறையில் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றுவோம். உனக்கு ஏற்ற இடமில்லை. உன் சாம்பலை மோகனூரில் காவிரியில் கரைத்துவிட்டார்கள். உன் உடம்பில் இந்த உலகத்தில் மிச்சம் என்று இருந்தது என் லேப் அலமாரியில் இருந்த முடி மட்டும்தான். அதை நினைத்தால் ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. கழுவிய கற்றைகளை உலர்த்தும் பெட்டிக்குள் மாட்டினால் காற்றில் மெல்ல அசையும். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்கும்போது யாரோ முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பது போல இருக்கும். பட்டப்பகலில் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து நின்றிருக்கிறேன். தேய்ந்து உடைந்து தீர்ந்துபோன கற்றைகளைக் குப்பையில் போடவில்லை. நானே எடுத்துப் போய் மோகனூர் ஆற்றில் விட்டேன்.

இன்னொரு சடையை மட்டும் பிரிக்கவே இல்லை. காகிதத்தில் சுற்றி வெளிச்சம் படாமல் வைத்திருந்தேன். திறந்தால் உன் தேங்காய் எண்ணெய் வாசனை, கொஞ்சம் காறலோடு. பின்னலின் நெளிவு அப்படியே இருந்தது. அதற்குக் காரணம் நாம் படித்ததுதான். முடியை வளைத்துப் பின்னினால் உள்ளே இருக்கும் மெல்லிய பிணைப்புகள் அந்த வளைவைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் பட்டால் விட்டுவிடும். உன் விரல்கள் செய்த வேலையை அழிக்க ஒரு குவளைத் தண்ணீர் போதும். நான் அதைக் குழாய்ப் பக்கமே கொண்டுபோனதில்லை.

கல்யாணம் நிச்சயமானதும் உன் மகள் லேபுக்கு வந்தாள். பெங்களூரில் வேலை, தோள் வரைக்கும் வெட்டிய முடி. முகூர்த்தத்துக்குச் சவுரி வைத்துத்தான் பின்ன வேண்டுமாம். அம்மாவின் சடை உங்களிடம் இருக்கிறதாமே என்று கேட்டாள். செத்தவர் முடியை மணப்பெண் தலையில் வைப்பதா என்று அவள் அத்தை சத்தம் போட்டாராம். கடையில் வாங்கும் சவுரிக்கு முடி கொடுத்தவள் உயிரோடு இருக்கிறாளா என்று யார் போய்ப் பார்த்தது என்று இவள் திருப்பிக் கேட்டாளாம். உன் வாய் அப்படியே அவளுக்கு.

மழுப்பியது நான்தான். பழைய முடி, உடையும், வாடை வீசும் என்றேன். கழுவிக்கொள்ளலாம் என்றாள். கழுவினால் நீ பின்னிய நெளிவும் உன் வாசனையும் போய்விடும் என்று சொன்னேன்.

"சித்தி, அம்மா எனக்கு எத்தனையோ நாள் தல சீவி உட்டிருக்கறாங்க. நான் ஒருக்காக்கூட அவுங்களுக்குச் சீவி உட்டதில்லீங்க."

எனக்குக் கோபம் வந்தது. உன்னை இன்னொரு தடவை இழக்கச் சொல்கிறாளே என்ற கோபம். அந்தச் சடையில் என்னைவிட அவளுக்கு உரிமை அதிகம் என்பது தெரிந்ததால் வந்த கோபமும்தான். அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

அவளே பிரித்தாள். நீ போட்ட ரப்பர் பேண்டு தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. நுனிதான் பழைய முடி, அவள் பள்ளிக்கூடம் சேர்ந்த காலத்தில் முளைத்தது என்று அவளிடம் சொன்னேன். மேலே இருப்பது நோய் தெரிவதற்கு முந்தின மாதங்களில் வளர்ந்தது. அவள் அந்த நீளம் முழுவதையும் விரலால் தடவிக்கொண்டே போனாள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்தோம். கண்ணெதிரே நெளிவு தளர்ந்தது, நேரானது, இல்லாமல் போனது. உன் வாசனை நுரையோடு சாக்கடைக்குப் போயிற்று. நான் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை.

முடியைக் கிளிப்பில் தொங்கவிட்டு, சீப்பை அவளிடம் கொடுத்தேன். நுனியிலிருந்து சீவிக்கொண்டு வந்தாள். பாதியில் ஒரு சிக்கு. அவள் இடது கையால் சிக்குக்கு மேலே முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே மட்டும் மெதுவாகச் சீப்பை இழுத்தாள். வேர் இழுபட்டுப் பிள்ளைக்கு வலிக்கக்கூடாது என்று பிடிப்போமே, அந்தப் பிடி. நீ அவளுக்கு அப்படித்தான் பிடித்திருப்பாய். மேலே தலை இல்லை, ஒரு கிளிப்பும் இரும்புக் கம்பியும்தான் இருந்தன. அவளுக்கு அது தெரியாமல் இல்லை.

இத்தனை வருஷம் உன் முடியைச் சீவியவள் நான். ஒரு தடவைகூட அப்படிப் பிடித்ததில்லை. பிடித்தால் இழுப்பு மேலே கருவிக்குப் போய்ச் சேராது, அளவு தப்பாகிவிடும். அதுதான் எங்கள் பாடம்.

உன்னுடையது எதுவும் இப்போது லேபில் இல்லை. விலைக்கு வாங்கிய கற்றைகளில் வேலை நடக்கிறது. யார் முடியோ, எந்த ஊரோ. போன வாரம் ஒரு கற்றையைச் சீவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மேடம், கைய எடுங்க. ரீடிங் வர மாட்டேங்குது."

குனிந்து பார்த்தேன். என் இடது கை சிக்குக்கு மேலே முடியை இறுக்கிப் பிடித்திருந்தது. எடுத்துவிட்டேன். அடுத்த சீவலில் அது மறுபடியும் போய்ப் பிடித்துக்கொண்டது.