இடது ஓரத்தில் திறக்கும் விண்டோ

என் செல்ல அண்ணா,

நேற்று அண்ணி உன் கம்ப்யூட்டரைப் போட்டார். நீ போன பிறகு இதுதான் முதல் தடவை. பட்டுப்புடவை டிசைன் போட நான் உனக்கு எழுதிக் கொடுத்த புரோகிராம், வழக்கம்போல் திரையின் இடது ஓரத்தில் ஒடுங்கிய பட்டையாகத் திறந்தது. மீதித் திரை சும்மா கிடந்தது.

"இத்த பெருசாக்கிக் குடும்மா. ஓரமா ஒட்டிக்கினு இருந்தா எப்பிடி வேலை பார்க்கிறது? இனிமே நான்தான பார்க்கணும்" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். இருந்தாலும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

உன் தலையில் வளர்ந்த கட்டி முதலில் வலப்பக்கப் பார்வையைத்தான் தின்றது. விண்டோவை எங்கே வைப்பதென்று சிஸ்டத்திடமே விட்டால், ஒவ்வொன்றையும் முந்தையதைவிடக் கொஞ்சம் வலதாக, கொஞ்சம் கீழே தள்ளித் திறக்கும். எல்லாம் உனக்குத் தெரியாத பக்கமாகவே போகும். "இன்னாமா, கலர் பெட்டி எங்க போய் ஒளிஞ்சிக்கினு இருக்குது?" என்று சிரிப்பாய்.

அதனால் நானே கணக்குப் போட்டேன். திரையின் இடது மேல் மூலைதான் பூஜ்யம்; விண்டோவின் இடத்தையும் அகலத்தையும் அங்கிருந்து எண்ணி எண்களாகக் கொடுக்க வேண்டும். விண்டோவை அங்கே ஒட்டி வைத்து, அகலத்தைக் குறைத்தேன். கட்டி வளர வளர அந்த அகலத்தை இன்னும் இன்னும் குறைத்தேன். என்னால் வேறென்ன செய்ய முடிந்தது?

நேற்று அண்ணிக்காக அந்த எண்களை மாற்றினேன். விண்டோ திரை முழுக்க விரிந்தது. நீ கடைசியாகப் போட்ட புடவை முந்தி டிசைனைத் திறந்தேன். ஜோடி அன்னம். "முடிச்சிட்டேம்மா, ரெண்டும் ஒண்ண ஒண்ணு பார்த்துக்கினு நிக்குது" என்றாயே, அதுதான்.

ஒரு அன்னம்தான் இருந்தது, அண்ணா. வலது பக்கம் வெறும் கட்டங்கள்.

பட்டைக்குள் ஒன்றுதான் தெரியும் என்பதால் நாங்களும் கவனிக்கவில்லை. நீ எதைப் பார்த்து அப்படிச் சொன்னாய்? அந்த இன்னொரு அன்னம் உனக்கு மட்டும் தெரிந்ததா?

"திருப்பிப் போட்டா இன்னொண்ணு வந்துடும்ல?" என்றார் அண்ணி. வரும், ஒரு பட்டன்தான். "ரெண்டுக்கும் ஒரே மூஞ்சி இருந்தா அது ஜோடியா?" என்று நீ திட்டுவாய் என அவரிடம் சொன்னேன். அவ்வளவுதான், உடைந்துவிட்டார். "பக்கத்துலயே தான குந்திக்கினு இருந்தேன். எனக்குத் தெரியலியே."

தெருமுனையில் பங்குனி உத்திர மேளம் கேட்டது. நாங்கள் எழுந்து போகவில்லை. எதிலும் மனசு ஓடவில்லை அண்ணா. எதற்குத்தான் இந்தப் புரோகிராமை எழுதினேனோ என்று இருக்கிறது.

இனி அண்ணி எதைத் திறந்தாலும் விண்டோ முழுசாக வரும். உன் ஜோடி அன்னத்துக்கு மட்டும் இடது ஓரத்தில், உன் கடைசி அகலத்தில்தான் வரும். அப்படித்தான் எழுதியிருக்கிறேன். நான் இருக்கிறவரை அந்த எண்ணை யாரும் தொட விடமாட்டேன். அந்த அகலத்தில் உன் டிசைன் முடிந்திருக்கிறது.

உன் கூடப்பிறந்தவள்,
தேவி