பேரிகையில் நீலமாய்த் தெரிந்த மூலை

செவ்வாய், இரவு.

ஹெலிகாப்டரில் பறந்து நிலத்தடியை அளந்து நாங்கள் தயாரித்த வரைபடத்தில், பேரிகை கிராமத்து முனியம்மாவின் நிலத்தில் ஒரு மூலை நீலமாகத் தெரிந்தது. தண்ணீர் என்றார் மேலதிகாரி. மேலே போகும் மின்கம்பி கருவியைக் குழப்பியிருக்கிறது என்றேன் நான். மேற்கே பாறையில் நீளும் வெடிப்பின்மேல் போர் போடச் சொன்னேன்.

"மூணு போர் போட்டும் வெறும் புழுதிதான் வந்துச்சு. உன்ன நம்பட்டுமா கண்ணு?" என்றார் முனியம்மா.

"நம்புங்கக்கா."

இன்று மதியம்வரை புழுதிதான் பறந்தது. மூன்று மணிக்குச் சேறு வந்தது, பிறகு தண்ணீர் பீய்ச்சியடித்தது. நனைந்தபடி முனியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அதே வெடிப்பு அவர் கொழுந்தனாரின் கிணற்றுக்கடியிலும் போகிறது. இவர் இறைத்தால் அங்கே மட்டம் இறங்கலாம். அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சொல்லாமல் வந்துவிட்டேன். நாளைக் காலை இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன்.